கேள்வி – பதில்: யாரையும் கேட்காத டாக்டர்

சென்ற இதழில் ஜார்ஜ் ஃப்ரான்ஜூ இயக்கிய 'முகமில்லாத கண்கள்' (1960) என்ற பிரெஞ்சுப் படத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். தேடிப் பிடித்துப் பார்த்தவர்கள் கேள்விகளை அனுப்பிக் குவித்துவிட்டார்கள். இந்த இதழ் முழுக்க அந்த ஒரு படம்தான்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி, தென்காசி

பாரிஸை ஒட்டிய ஊரில் பேர்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஜெனெஸ்யே. அவர் கண்மண் தெரியாமல் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி, மகள் கிறிஸ்டியானின் முகம் சிதைந்துபோகிறது. கண்கள் மட்டும் தப்புகின்றன. மகள் செத்துவிட்டாள் என்று ஊரை நம்பவைத்து, வேறொரு பெண்ணின் சடலத்தைத் தன் மகள் என்று அடையாளம் காட்டி அடக்கமும் செய்துவிடுகிறார். உயிரோடு இருக்கும் மகள் வெள்ளை முகமூடி மாட்டிக்கொண்டு வீட்டு மாடியில் அடைந்து கிடக்கிறாள். டாக்டரின் உதவியாளரான லூயிஸ் என்ற பெண், தனியாக இருக்கும் இளம்பெண்களிடம் நைச்சியமாகப் பேசி அழைத்து வருவார். டாக்டர் அவர்களுடைய முகத்தோலை உரித்து மகளுக்கு ஒட்டுவார். ஒட்டாது. அடுத்த பெண்ணைத் தேடுவார்கள். முடிவைப் பற்றிப் பின்னால் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்பவர்கள் அந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அறுபது வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படம். இன்றைக்கு இதைப் பார்த்து யார் பயப்படப் போகிறார்கள்?
– கல்லூரி மாணவர், கோவை

எடின்பரோ திரைப்பட விழாவில் காட்டியபோது 7 பேர் மயங்கி விழுந்தார்கள் என்று செய்தி வந்தது. நீங்கள் மயங்க மாட்டீர்கள். ஆனால் அந்த ஆபரேஷன் காட்சியை மட்டும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள். மேஜையில் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண். டாக்டர் பென்சிலை எடுத்து அவள் முகத்தைச் சுற்றி நிதானமாகக் கோடு போடுகிறார். பிறகு அதே கோட்டின் மேல் கத்தி நகர்கிறது. பின்னாலேயே ரத்தம் மெல்லிய இழையாகக் கசிகிறது. விளிம்பைச் சுற்றி இடுக்கிகளை வரிசையாக மாட்டித் தோலைத் தூக்குகிறார்கள். பின்னணி இசை கிடையாது. கேமரா பார்வையைத் திருப்பிக்கொள்வதும் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் ஒரு நல்ல சர்ஜன் எவ்வளவு கவனமாக வேலை செய்வாரோ, அவ்வளவு கவனமாக ஒரு கொடுமை நடக்கிறது. பயம் அந்தக் கவனத்தில் இருக்கிறது.

இவ்வளவு துணிச்சல் அந்த இயக்குநருக்கு எங்கிருந்து வந்தது?
– குறும்பட இயக்குநர், சென்னை

ஆவணப்படத்திலிருந்து. 1949-இல் பாரிஸ் நகரத்து இறைச்சிக் கூடங்களை அப்படியே படமாக்கி 'மிருகங்களின் ரத்தம்' என்ற குறும்படம் எடுத்தவர் ஃப்ரான்ஜூ. தொழிலாளி சர்வசாதாரணமாகத் தன் வேலையைப் பார்ப்பார், நமக்குத்தான் குலை நடுங்கும். அதே பார்வையைத்தான் டாக்டர் வீட்டுக்குள்ளும் கொண்டுபோனார். ஹென்றி லாங்லுவாவோடு சேர்ந்து 1936-இல் பிரெஞ்சு சினிமாத்தெக் என்ற திரைப்படக் காப்பகத்தைத் தொடங்கியவரும் இவரே. பழைய படங்களைக் காப்பாற்றியவரின் படத்தை நாம் இன்றும் பார்க்கிறோம்.

திரைக்கதை எழுதியவர்கள் பெரிய ஆட்கள் என்கிறார்களே?
– நூலகர், திருச்சி

ஆமாம். ஜான் ரெடோன் எழுதிய நாவல்தான் மூலம். திரைக்கதையில் கைவைத்தவர்களில் பொய்லோ – நார்ஸெஜாக் இரட்டையரும் உண்டு. ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வுக்கு மூலமான நாவல் இவர்கள் எழுதியதுதான். ஒரு பெண்ணை இன்னொரு பெண்ணாக மாற்றியே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் ஆண், இரண்டு படத்திலும் இருக்கிறான்.

பேய்ப்படத்துக்குப் போய் ராட்டினத்தில் போடுகிற மாதிரி மெட்டு எதற்கு?
– நாகஸ்வரக் கலைஞர், மயிலாடுதுறை

காதுள்ளவர் கேட்ட கேள்வி! இசை மொரீஸ் ஜார். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வுக்கு இசையமைத்தவர். முதல் காட்சியிலேயே ராத்திரி நேரத்தில் லூயிஸ் கார் ஓட்டிப் போகிறார். பின் சீட்டில் கோட்டும் தொப்பியும் போட்டு உட்கார்த்தி வைத்த உருவம் ஆடி ஆடிச் சாய்கிறது. அது பிணம், ஸேன் நதியில் வீசப் போகிறார் என்று நமக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் பயமுறுத்துகிற இசையைப் போட்டிருந்தால் முன்கூட்டியே மனத்தைத் தயார் செய்துகொண்டிருப்போம். திருவிழா மெட்டு நம்மைத் தயாராக விடவில்லை.

டாக்டரை ஏன் வில்லன் மாதிரியே காட்டவில்லை? எனக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. மகளுக்காகத்தானே எல்லாம் செய்கிறார்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

இரக்கம் வருவது இயல்பு. ஜெர்மன் தணிக்கையாளர்கள் பைத்தியக்கார விஞ்ஞானி வேண்டாம் என்பார்கள் என்று தயாரிப்பாளர் எச்சரித்ததாகச் சொல்வார்கள். அது படத்துக்கு நல்லதாகவே முடிந்தது. பியர் பிராஸர் அந்த டாக்டரை மரியாதைக்குரிய, நிதானமான, களைத்துப்போன மனிதராக நடித்திருக்கிறார்.

ஆனால் பிணவறைக் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். நதியில் கிடைத்த சடலத்தைத் தன் மகள் என்று அடையாளம் காட்டிவிட்டு ஜெனெஸ்யே வெளியே வருகிறார். அங்கே இன்னொரு தகப்பன். அவர் மகளையும் காணவில்லை. உள்ளே கிடப்பது அந்த மனிதர் பெற்ற பெண் என்பது ஜெனெஸ்யேவுக்குத் தெரியும், கொன்றது அவரே. முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அந்தத் தகப்பனை நம்பிக்கையோடு திருப்பி அனுப்பிவைக்கிறார். மகள்மேல் பாசம் இருக்கிற மனிதருக்கு இன்னொருவர் பெற்ற மகள் என்றால் என்னவென்று தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் செய்கிறார். பாசம் உண்மையாகவே இருக்கட்டும், அது அவருக்கு ஊரார் வீட்டுப் பிள்ளையை அறுக்கும் உரிமையைக் கொடுக்காது.

லூயிஸ் ஏன் இவ்வளவுக்கும் உடந்தையாக இருக்கிறாள்? பணமா, காதலா?
– தையல் கலைஞர், ஈரோடு

நன்றி. சிதைந்துபோன அவள் முகத்தைச் சரிசெய்து கொடுத்தவர் அந்த டாக்டர். கழுத்தை ஒட்டி அவள் எப்போதும் போட்டிருக்கும் முத்துமாலை அழகுக்காக இல்லை, தழும்பை மறைக்க. செஞ்சோற்றுக் கடன் நமக்குப் புதிதா? கர்ணனும் கும்பகர்ணனும் அதைத் தங்கள் உயிரைக் கொடுத்துத் தீர்த்தார்கள். லூயிஸ் அடுத்தவர் பெண்களின் உயிரைக் கொடுத்துத் தீர்க்கப் பார்க்கிறாள். கடன் அவளுடையது, வட்டி கட்டுவது யாரோ.

ஒருவர் தோல் இன்னொருவர் உடம்பில் ஒட்டாது என்று அந்த டாக்டருக்குத் தெரியாதா? மருத்துவ ரீதியாகப் படம் எவ்வளவு சரி?
– மருத்துவ மாணவி, மதுரை

வியக்கும் அளவுக்குச் சரி. இரண்டாம் உலகப்போரில் தீக்காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தபோது இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. பீட்டர் மெடவாரும் தாமஸ் கிப்சனும் கிளாஸ்கோவில் ஆராய்ந்து 1943-இல் எழுதினார்கள். அந்நியத் தோலை உடம்பு அடையாளம் கண்டு தாக்குகிறது, முன்பு தோல் கொடுத்த அதே ஆளின் தோலை மறுபடி ஒட்டினால் இன்னும் சீக்கிரமாகத் தாக்குகிறது என்று காட்டினார்கள். காரணம் தையலில் இல்லை, உடம்பின் எதிர்ப்பாற்றலில் இருக்கிறது. இந்த வழியில் தொடர்ந்த ஆய்வுக்கு மெடவார் நோபல் பரிசு பெற்றது 1960-இல், படம் வெளியான அதே ஆண்டு.

ஜெனெஸ்யே படத்தின் தொடக்கத்தில் நடத்தும் சொற்பொழிவில் கடுமையான எக்ஸ்ரே கதிர்வீச்சால் இந்த எதிர்ப்பை அடக்குவது பற்றிப் பேசுவார். அதுவும் வெறும் கற்பனை இல்லை. 1959-இல் பாஸ்டனிலும் பாரிஸிலும், ஒரே உருவத்தில் பிறக்காத இரட்டையருக்கு இடையே சிறுநீரகம் மாற்றியபோது நிஜமாகவே அப்படிக் கதிர்வீச்சு கொடுத்தார்கள்.

புது முகம் ஒட்டிய பிறகு வரும் புகைப்படங்களைக் கவனித்தீர்களா? முதல் படத்தில் அழகான முகம். அடுத்ததில் கரும்புள்ளிகள், பிறகு முடிச்சுகள், பிறகு புண், கடைசியில் அழுகிய தோலை அகற்ற வேண்டிய நிலை. கேஸ் ஷீட் வாசிக்கும் குரலில் டாக்டர் விவரித்துக்கொண்டே போகிறார். தோல் ஒட்டாமல் போவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய பேய்ப்படம் வேறு எனக்குத் தெரியாது.

அப்படியென்றால் படத்தில் 'தப்பாகப் போனது' தோல் ஒட்டாமல் போனதுதானே? அது ஒட்டியிருந்தால் சுபம்!
– ஆடிட்டர், நாகர்கோவில்

இல்லவே இல்லை. அதே பாரிஸில், படத்துக்குச் சில ஆண்டுகள் முன்னால் நிஜமாக நடந்ததைக் கேளுங்கள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த 16 வயதுப் பையனுக்கு, நசுங்கிய சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அவனுக்குப் பிறவியிலேயே அது ஒன்றுதான் என்று. அவனைப் பெற்றவள், என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடினாள். 1952 கிறிஸ்துமஸ் இரவு நெக்கேர் மருத்துவமனையில் மாற்றினார்கள். உடனே வேலை செய்தது. மூன்று வாரத்தில் உடம்பு அதை நிராகரித்தது. பையன் பிழைக்கவில்லை.

அங்கேயும் ஒட்டவில்லை, இங்கேயும் ஒட்டவில்லை. அங்கேயும் பெற்ற பாசம், இங்கேயும் பெற்ற பாசம். ஆனால் அந்தத் தாயையும் அந்த மருத்துவர்களையும் மருத்துவ வரலாறு கைகூப்பி நினைவுகூர்கிறது. அந்தத் தாய் தன்னுடையதைக் கொடுத்தாள், ஜெனெஸ்யே அடுத்தவருடையதைப் பறித்தார். வித்தியாசம் அவ்வளவுதான், அதுவே எல்லாம். பரிசோதனை தோற்பது குற்றம் இல்லை. தோற்றுத் தோற்றுத்தான் மருத்துவம் வளர்ந்தது. 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மரே ஒரே உருவ இரட்டையருக்கு இடையே சிறுநீரகம் மாற்றி வென்றார். அந்த வெற்றி முந்தைய தோல்விகளின் மேல்தான் நிற்கிறது. ஜெனெஸ்யேவின் பரிசோதனை கத்தியை எடுப்பதற்கு முன்பே தப்பாகிவிட்டது.

அறுத்து ஒட்டும் வித்தை நம் நாட்டில் பழங்காலத்திலேயே இருந்ததே. வெள்ளைக்காரன் படத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே?
– சித்த மருத்துவர், கும்பகோணம்

மூக்கைத் திரும்ப அமைக்கும் முறை சுசுருத சம்ஹிதையில் இருக்கிறது. திப்பு சுல்தானோடு நடந்த போரில் மூக்கறுபட்ட ஒரு மாட்டுவண்டிக்காரருக்குப் புனே பக்கம் மூக்கு செய்துகொடுத்ததை 1794-இல் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' படத்தோடு வெளியிட்டது. அதைப் பார்த்துத்தான் ஜோசப் கார்ப்யூ 1814-இல் லண்டனில் அந்த அறுவை சிகிச்சையைச் செய்தார். பெருமைப்பட வேண்டிய கதைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூக்குக்குத் தோல் எடுத்தது அதே ஆளின் நெற்றியிலிருந்து. சொந்தத் தோல், அதனால் ஒட்டியது. ஜெனெஸ்யே எதிர்கொண்ட சிக்கல் வேறு.

இப்போது முகமாற்று அறுவை சிகிச்சை நிஜமாகவே நடக்கிறதாமே?
– செவிலியர், வேலூர்

நடக்கிறது. அதுவும் முதன்முதலில் பிரான்சிலேயே. 2005 நவம்பரில் ஆமியேன் நகரில் பெர்னார் தெவோஷெல், ஜான்-மிஷெல் துபெர்னார் குழுவினர் இஸபெல் தினுவார் என்ற பெண்ணுக்கு மூக்கும் உதடும் முகவாயும் பொருத்தினார்கள். அவர் நினைவிழந்து கிடந்தபோது அவருடைய நாயே முகத்தைக் கடித்துக் குதறியிருந்தது. மூளைச்சாவு அடைந்த ஒரு பெண்ணின் குடும்பம் சம்மதித்துக் கொடுத்த முகம் அது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருந்தது. தினுவார் 2016-இல் 49 வயதில் இறந்தார். முழு முகத்தையும் மாற்றியது 2010-இல் பார்சிலோனாவில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே துபெர்னார் 1998-இல் லியோனில் ஒருவருக்குக் கை மாற்றினார். அந்த மனிதரால் அதைத் தன் கையாக ஏற்கவே முடியவில்லை. மருந்தை நிறுத்தினார். 2001-இல் அவர் கேட்டுக்கொண்டபடியே கையை எடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லவும் நோயாளிக்கு உரிமை உண்டு. கிறிஸ்டியான் செத்துவிடவே ஆசைப்படுகிறாள். வீட்டில் யார் காதிலும் அது ஏறவில்லை.

இது பிராங்கன்ஸ்டைன் கதையின் இன்னொரு வடிவம்தானே?
– ஆங்கிலப் பேராசிரியர், தஞ்சாவூர்

தலைகீழ் வடிவம். மேரி ஷெல்லியின் 1818 நாவலில் விக்டர் பிராங்கன்ஸ்டைன், தான் படைத்ததைப் பார்த்து அருவருத்துக் கைவிட்டு ஓடுகிறான். கேடு அங்கே தொடங்குகிறது. ஜெனெஸ்யேவோ மகளை ஒரு நிமிஷமும் விட மறுக்கிறார். கைவிட்டதால் ஒரு கேடு, கைவிடாததால் ஒரு கேடு. இரண்டு பேருமே எதிரே இருப்பவருக்கு ஒரு மனம் உண்டென்று நினைக்கவில்லை.

நாஜி டாக்டர்களை மனத்தில் வைத்து எடுத்த படமா?
– வழக்கறிஞர், சேலம்

படத்தில் போரைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஆனால் போர் முடிந்து 15 ஆண்டு ஆகியிருந்த ஐரோப்பாவில், ஆளைப் பிடித்துவந்து மேஜையில் கட்டி அறுக்கும் ஒரு மருத்துவரைத் திரையில் பார்த்தவர்களுக்கு எது நினைவுக்கு வந்திருக்கும்? நியூரம்பர்க்கில் 1946 டிசம்பரில் தொடங்கிய டாக்டர்கள் வழக்கில் 23 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். 1947 ஆகஸ்டில் 16 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, 7 பேருக்குத் தூக்கு. அந்தத் தீர்ப்போடு பிறந்ததுதான் நியூரம்பர்க் நெறிமுறை. அதில் 10 விதிகள். மனிதரைச் சோதனைக்கு உட்படுத்தும் முன் அவருடைய மனமொப்பிய சம்மதம் கட்டாயம் என்பது முதல் விதி. மற்ற ஒன்பதும் அதற்குப் பிறகுதான்.

விதி வந்த பிறகு இப்படியெல்லாம் நடக்கவில்லை, இல்லையா?
– பத்தாம் வகுப்பு மாணவி, காரைக்குடி

நடந்ததம்மா. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊர். சிபிலிஸ் என்ற மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களையும், நோயில்லாத 201 பேரையும் வைத்து, நோய் உடம்பை என்ன செய்கிறது என்று அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. தொடங்கியது 1932-இல். 1947 வாக்கில் பென்சிலின் அதற்கு நல்ல மருந்து என்று உறுதியான பிறகும் கொடுக்கவில்லை. 1972-இல் பத்திரிகையில் அம்பலமான பிறகுதான் நின்றது. 1997-இல் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். முகமூடி இல்லை, ரத்தம் இல்லை, வெறும் பதிவேடுகள். எந்தப் பேய்ப்படமும் இதற்குப் பக்கத்தில் வராது. நீ மருத்துவம் படிக்கப் போகிறாய் என்றால் இந்த ஊரின் பெயரை மறக்காதே.

தமிழில் இந்த மாதிரிப் படம் வந்திருக்கிறதா?
– தியேட்டர் ஆபரேட்டர், பொள்ளாச்சி

வேலு பிரபாகரன் 1989-இல் எடுத்த 'நாளைய மனிதன்' இருக்கிறதே! செத்தவரைப் பிழைக்கவைக்கும் மருந்து, பிழைத்து எழுந்தவன் கொலைகாரனாகிறான். அடுத்த வருஷமே 'அதிசய மனிதன்' என்று இரண்டாம் பாகமும் வந்தது. அந்தக் காலத்தில் இந்த வகைப் படத்தைத் தமிழில் துணிந்து எடுத்ததற்கே பாராட்ட வேண்டும்.

முடிவு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சரியா? பழிக்குப் பழியாக அல்லவா ஆகிவிட்டது?
– காவல்துறையில் பணிபுரிபவர், திண்டுக்கல்

கிறிஸ்டியான் முதலில் செய்வது பழிவாங்கல் இல்லை. அடுத்த பலியாக மேஜையில் கட்டப்பட்டிருக்கும் பாலெத் என்ற பெண்ணின் கட்டை அறுத்துவிடுகிறாள். தனக்கு முகம் கிடைக்கும் கடைசி வாய்ப்பைத் தன் கையாலேயே விட்டுவிடுகிறாள். தடுக்க வந்த லூயிஸைக் கழுத்தில் குத்துகிறாள், சரியாக அந்த முத்துமாலை இருக்கும் இடத்தில். பிறகு அப்பா சோதனைக்காக அடைத்து வைத்த நாய்களைத் திறந்துவிடுகிறாள். அவை அவர் முகத்தைக் குதறுகின்றன. குத்தியதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் படம் முழுக்க அவளுக்காக மற்றவர்களே முடிவெடுத்தார்கள், முதல் தடவையாக அவள் முடிவெடுக்கிறாள். முகம் இல்லாமலே அந்த வீட்டில் மனுஷியாக நடந்துகொண்டது அவள் ஒருத்திதான். கண்களை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனையையும் சொல்லிவிட்ட, கிறிஸ்டியானாக நடித்த எடித் ஸ்கோபுக்கு என் வணக்கம்.

பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாமா?
– இளம் தாய், திருப்பூர்

வேண்டாம். அவர்கள் தூங்கிய பிறகு பாருங்கள்.

என் தம்பிக்குச் சிகிச்சை நடக்கும் மருத்துவமனையில், புது மருந்துச் சோதனையில் சேருகிறீர்களா என்று கேட்கிறார்கள். படத்தைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?
– ஒரு வாசகர், கடலூர்

படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் தம்பியிடம் *கேட்டிருக்கிறார்கள்*, ஜெனெஸ்யே யாரையும் கேட்கவில்லை. இன்று நாம் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால், யாரோ முன்பின் தெரியாதவர் சம்மதித்துத் தன் உடம்பைக் கொடுத்திருக்கிறார். அது பெரிய தொண்டு.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். இந்தியாவில் 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கொடுத்திருக்கிறதா, இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். சம்மதப் படிவம் உங்களுக்குப் புரிகிற தமிழில் வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அவகாசம் கேளுங்கள். இந்தச் சோதனையில் சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவார்கள் என்பது படிவத்தில் இருக்க வேண்டும். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

முடிவைத் தம்பியே எடுக்கட்டும். அண்ணன் என்ற பாசத்தில் அவருக்காக நீங்கள் எடுத்துவிடாதீர்கள். கையெழுத்துப் போட்ட பிறகும், பாதியிலேயே, காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.